காக்களூர் மடிக்கணினியும் காணாமல் போன லினக்ஸும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே நாளில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. அதே மாவட்டத்தின் பாப்பரம்பாக்கத்தில் கறவை மாடும் ஆடும். ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்கு மடிக்கணினி என்பது அறிவிப்பு. இலவசம் நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. எனக்கு ஆர்வம் எல்லாம், அந்த மடிக்கணினியை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் சில நொடிகள் வந்துபோன ஒரு சின்னப் பட்டியலில்தான்.

பட்டியலில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். முன்னதை எல்லாருக்கும் தெரியும். பின்னதைச் செய்தது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து, இந்திய மொழிகளுக்கான வசதிகளைச் சேர்த்து, முதல் பதிப்பை 2007 ஜனவரியில் வெளியிட்டார்கள். சென்ட்ரலில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் செய்த ஒரு இயங்குதளம் திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளின் மடிக்கு வந்தது. தமிழில் மெனு, தமிழில் தட்டச்சு, அலுவலகத் தொகுப்பு எல்லாம் உள்ளேயே. உரிமத்துக்குப் பைசா கிடையாது.

இது வானத்திலிருந்து குதித்ததல்ல. அந்த மடிக்கணினிகளை வாங்கிக் கொடுத்த எல்காட், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆனாலும் வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்கும் கணினியில் விண்டோஸ் இல்லையென்றால் பெற்றோர் என்ன சொல்வார்கள், வேலைக்கு எடுப்பவர் என்ன கேட்பார் என்ற கேள்வியும் இருந்தது. ஆக, ரெண்டும் இருக்கட்டும். நம்ம ஊர் அரசியல் கூட்டணி மாதிரி, ஒரே வண்டியில் ரெண்டு பேர்.

இரண்டு மூன்று வருடத்தில் அந்த மடிக்கணினிகளில் பாஸ் எங்கே போனது? கேட்டால் வழக்கமான பதில்கள் வரும். லினக்ஸ் கஷ்டம். கேம் ஓடாது. டைப்பிங் சென்டரில் கற்றுக்கொடுப்பது விண்டோஸ். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தப் பதில்கள், மாணவர்கள் பாஸைத் திறந்து பார்த்து, பிடிக்காமல் ஒதுக்கினார்கள் என்று எடுத்துக்கொள்கின்றன. நான் பார்த்த பல மடிக்கணினிகளில் யாரும் ஒதுக்கவே இல்லை. பாஸுக்குப் போகும் வழி அழிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அது போய்விட்டது என்றே அவர்களுக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டி பஜார், பொன்னேரி, திருவள்ளூர் என்று கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளின் மேஜையில் கிடந்த மடிக்கணினிகளின் வட்டில் பாஸ் முழுசாக, ஒரு கோப்பு குறையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

எப்படி என்று புரிய 1983-க்குப் போக வேண்டும்.

கணினியை ஆன் செய்யும்போது அதற்கு எதுவும் தெரியாது. இயங்குதளம் வட்டில் இருக்கிறது. ஆனால் வட்டிலிருந்து அதைத் தேடி எடுக்கும் அறிவே இயங்குதளத்தில்தான் இருக்கிறது. தன் குடுமியைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்ள வேண்டிய நிலை. பூட் என்ற சொல்லே இப்படி, தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்வதைக் குறிக்கும் பேச்சிலிருந்து வந்ததுதான். ஐபிஎம் பிசிக்கு வன்வட்டு வசதியோடு 1983-ல் வந்த பிசி டாஸ் 2.0 இதற்கு ஒரு வழி வைத்தது. வட்டின் முதல் 512 பைட்டில் எல்லாம். அதில் 64 பைட் நான்கு பகுதிகளின் எல்லைக் குறிப்பு. கடைசி 2 பைட் முத்திரை. மீதி 446 பைட்டில் அடுத்தவரை எழுப்பிவிடும் ஒரு குட்டி நிரல். இதைத்தான் எம்பிஆர் என்கிறோம்.

446 பைட் என்றால் எவ்வளவு? யூனிகோடில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறிக்கு வழக்கமாக 3 பைட் பிடிக்கும். சுமாராக மூன்று குறள் அடங்கும், நாலாவது இடிக்கும். அந்த இடத்துக்கு எத்தனை இயங்குதளம் இருந்தாலும் ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். இதை வடிவமைத்தபோது ஒரே கணினியில் ரெண்டு கட்சி இருக்கும் என்பது பெரிய கவலையாக இருந்திருக்காது.

லினக்ஸ்காரர்களுக்கு அது முதல் நாளிலிருந்தே கவலை. அவர்கள் எப்போதும் ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டுக்குள் போகிறவர்கள். 1992 வாக்கில் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ வந்தது. 1995-ல் எரிக் போலின் கிரப் எழுத ஆரம்பித்தார். இயற்பியலின் மாபெரும் ஒருங்கிணைந்த கோட்பாட்டைக் கிண்டலாகக் குறிக்கும் பெயர் அது. கிரப்பின் தந்திரம் எளிது. 446 பைட்டில் தலையை மட்டும் வைக்கும், உடம்பை அதற்கடுத்த காலி இடத்திலும் லினக்ஸின் பகுதியிலும் பரப்பிக்கொள்ளும். தன் வீட்டையும் காட்டும், பக்கத்து விண்டோஸ் வீட்டையும் பட்டியலில் காட்டும். விண்டோஸ் பதிலுக்கு அப்படிச் செய்ததில்லை. விண்டோஸ் 7-ஐ மறுபடி நிறுவினால், யாரையும் கேட்காமல் அந்த 446 பைட்டில் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இனி காக்களூர் மடிக்கணினிக்கு வரலாம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கஞ்சப் பதிப்பு. அதில் டெஸ்க்டாப் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயசுப் பையனுக்குப் புது மடிக்கணினி கிடைத்ததும் முதலில் என்ன செய்வான்? தல படமோ தளபதி படமோ வைப்பான். முடியவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். "ணா, இதுல வால்பேப்பர் மாத்தவே முடியல." "அது ஸ்டார்ட்டர்பா, அல்டிமேட் போட்ரலாம், சாயங்காலம் வந்து வாங்கிக்க." முந்நூறோ ஐந்நூறோ ரூபாய். திருட்டு அல்டிமேட் ஏறியது, எம்பிஆர் மாற்றி எழுதப்பட்டது, கிரப் போனது, பட்டியல் போனது. அப்பாவிடம் காசு வாங்கிப் பையன் வாங்கியது ஒரு வால்பேப்பர். கொடுத்தது ஒரு இயங்குதளம்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு விபத்தும் உண்டு. 320 ஜிபி வட்டில் படம் போட இடம் பத்தவில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பார்த்தால் பெயரில்லாத, எழுத்தில்லாத ஒரு பகுதி. இது என்னாத்துக்கு என்று அழித்துவிடுவார்கள். அது பாஸின் பகுதி. அப்புறம் மறுபடி ஆன் செய்தால் எம்பிஆரில் கிரப்பின் தலை மட்டும் இருக்கிறது, உடம்பு இல்லை. 'நோ சச் பார்ட்டிஷன்', கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று துடிக்கும் கர்சர். இந்தத் தடவை விண்டோஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் வழி இல்லை.

இரண்டிலும் கடையில் கிடைத்த தீர்ப்பு ஒன்றுதான். "வைரஸ் ஏறிடுச்சு தம்பி, ஃபார்மட் அடிக்கணும்." இரண்டிலும் அது தேவையே இல்லை. முதல் கேஸில் ஒரு லைவ் டிவிடி அல்லது பென்டிரைவில் லினக்ஸைத் தொடங்கி, பாஸின் பகுதியை மவுன்ட் செய்து, அதற்குள் புகுந்து கிரப்-இன்ஸ்டால், பிறகு அப்டேட்-கிரப் என்று இரண்டு கட்டளை. இரண்டாவதில் விண்டோஸ் ரிப்பேர் டிஸ்கில் கமாண்ட் ப்ராம்ட் திறந்து பூட்ரெக், ஃபிக்ஸ்எம்பிஆர். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஃபார்மட் அடித்ததில் போனது பாஸ் மட்டுமல்ல. அக்கா கல்யாண போட்டோக்கள், பாலிடெக்னிக் ப்ராஜெக்ட், தம்பியின் முதல் பிறந்தநாள் வீடியோ. பேக்கப் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தராத வீடுகளில் அதுதான் ஒரே பிரதி.

கடைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களும் பெரும்பாலும் இதே பள்ளிகளில் படித்தவர்கள்தான். ஒரு மடிக்கணினிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செலவழித்தால் வாடகைக்குக் கட்டுப்படியாகாது. ஃபார்மட் என்பது எப்போதும் வேலை செய்யும் மருந்து.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு விசித்திரமும் வாய்க்கலாம். வரைபட, வடிவமைப்பு மென்பொருட்கள் பலவற்றின் உரிமப் பூட்டு ஃப்ளெக்ஸ்நெட் என்ற நிரலில் ஓடுகிறது. அது தன் அடையாளத்தை எம்பிஆருக்கும் முதல் பகுதிக்கும் நடுவில் உள்ள காலி நிலத்தில், 32-வது செக்டாரில், ஒளித்து வைக்கும். கிரப்பின் உடம்பு படுத்திருப்பதும் அதே நிலத்தில். புறம்போக்கில் ரெண்டு பேர் குடிசை போட்ட கதை. விண்டோஸில் மென்பொருளைத் திறந்து வேலை பார்த்துவிட்டு மறுநாள் ஆன் செய்தால் கிரப் செத்துக் கிடக்கும். கிரப்பை எழுதுபவர்கள் இதற்காகவே பின்னாளில் அந்த செக்டாரைக் கண்டுபிடித்து ஒதுங்கிப் படுக்கவும், கொஞ்சம் சிதைந்தாலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளவும் வழி செய்தார்கள். அந்தக் காலி நிலம் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல என்பதால் யார் மேலும் வழக்குப் போட முடியாது!

அப்புறம் கடிகாரம். விண்டோஸ் கணினியின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். ரெண்டையும் மாறி மாறித் திறந்தால் இந்தியாவில் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னே பின்னே ஓடும். இதற்கும் "பேட்டரி போச்சு" என்று சிமாஸ் பேட்டரி மாற்றப்படுவது உண்டு.

2012-க்குப் பிறகு களம் மாறியது. இன்டெல் 90-களில் இட்டானியம் கணினிகளுக்காகத் தொடங்கிய முயற்சி யூஇஎஃப்ஐ ஆகி, விண்டோஸ் 8 மடிக்கணினிகளோடு வீடுகளுக்கு வந்தது. 446 பைட் ஒழிந்தது. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி ஃபோல்டர், யார் முதலில் என்ற வரிசை மதர்போர்டின் நினைவில். கேட்க சமத்துவமாக இருக்கிறது. கூடவே செக்யூர் பூட் வந்தது: கையெழுத்து இல்லாத எதுவும் கிளம்பக் கூடாது. கணினிகளில் வரும் சாவி மைக்ரோசாஃப்ட்டுடையது. எனவே லினக்ஸ்காரர்கள் ஷிம் என்ற சின்ன நிரலை எழுதி, அதில் மைக்ரோசாஃப்ட்டிடம் கையெழுத்து வாங்கி, அதன் முதுகில் கிரப்பை ஏற்றி வருகிறார்கள். வாசலில் இருந்த திண்ணை போய் வாட்ச்மேன் வந்துவிட்டார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு குடித்தனக்காரர்.

அது என்ன ஆகும் என்பது 2024 ஆகஸ்ட் 13 அன்று தெரிந்தது. ஓட்டை உள்ள பழைய கிரப்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் அனுப்பியது. நோக்கம் நியாயமானது, கிரப்பில் 2022-ல் கண்டுபிடித்த ஓட்டை நிஜமானதுதான். இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளை இது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். தொட்டது. உலகம் முழுக்கப் பலருடைய உபுண்டுவும் மின்ட்டும் 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்' என்ற வரியோடு நின்றன. பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் ஒரு கட்டளை கொடுத்து, மறுபடி அதை இயக்க வேண்டியிருந்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. இங்கேயும் ஒருவருடைய கோப்பும் அழியவில்லை, வழி மட்டுமே அடைபட்டது. எத்தனை பேர் ஃபார்மட் அடித்தார்களோ.

தமிழில் இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள். மடிக்கணினித் திட்டம் தொடங்கிய சில மாதங்களில், 2012 ஜனவரியில், கணியம் இதழ் வந்தது. சென்னையில் ஐஎல்யூஜிசி, விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி போன்ற லினக்ஸ் பயனர் குழுக்கள் தன்னார்வமாகச் சொல்லிக்கொடுத்தன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பழைய கணினிகளில் பாஸ் நிறுவலாம் என்று தமிழக அரசே தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. அதாவது அரசுக்கு பாஸ் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. லட்சக்கணக்கான கணினிகளை டெண்டர் விட்டு வாங்கத் தெரிந்த ஒரு அமைப்பு, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பக்கத் தமிழ்த்தாள் வைத்து, 'விண்டோஸ் மறுபடி போட்டால் இது மறையும், இப்படி மீட்கலாம்' என்று அச்சடித்திருந்தால், கும்மிடிப்பூண்டிக் கடைக்காரரே அதைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கும் அது ஒரு வேலை, முந்நூறு ரூபாய்.

2025 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவோம் என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. 2011-ன் 2 ஜிபி மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 ஏறவே ஏறாது. பரணில் அப்படி ஒன்று கிடந்தால், மூடியில் அம்மா படம் பாதி உரிந்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், சார்ஜரைக் குத்தினால் ஒருவேளை ஓடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். பெயரில்லாத அந்தப் பகுதி இன்னும் இருந்தால் அதன் மேல் விண்டோஸ் 'ஹெல்தி' என்றே எழுதியிருக்கும்.  அதை அழித்துவிடாமல், ஒரு லைவ் பென்டிரைவ் தயார் செய்யுங்கள்.