பூட்டிய கதவுகளுக்குள் இளம் உள்ளங்கள்

கொள்ளைநோய்கள் வந்து போன பிறகு வரலாறு இறந்தோரைக் கணக்கிடுகின்றது. வீட்டுக்குள் அஞ்சி, ஏங்கி, யாரிடமும் வாய்திறவாது அமர்ந்திருந்த இளையோரை அது கணக்கிடுவதில்லை. கொரோனாத் தொற்றின் கொடிய ஆண்டுகளாகிய 2020, 2021 நமக்குப் பின்னே சென்றுவிட்டன. ஆயினும் அக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் நம் பங்குகளில் இன்று இளைஞர்களாய் நிற்கின்றனர். நோய்க்காலங்களில் நம் முன்னோர் இளையோரை எவ்வாறு நடத்தினர்? நாம் எவ்வாறு நடத்தினோம்? இவ்வினாக்களை நாங்குநேரிச் சீமையில் வாழும் நாம் எழுப்பிப் பார்ப்பது நன்று.

நாங்குநேரியிலிருந்து தென்கிழக்கே சென்றால் எட்டும் கடலோரம் பழைய முத்துக்குளித்துறை. 1542ஆம் ஆண்டு அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்களுக்கு மடல் ஒன்று எழுதினார். நோயுற்றோர் எண்ணற்றோர் தம்மை அழைத்தனர் என்றும், எல்லா வீடுகளுக்கும் தம்மால் செல்ல இயலவில்லை என்றும் அதில் அவர் குறிப்பிடுகின்றார். செபங்களை நன்கு கற்றிருந்த சிறுவர்களை அவர் அவ்வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் ஒன்றுகூட்டி, நம்பிக்கை அறிக்கையை எல்லாரோடும் சேர்ந்து சொல்லி, நோயாளருக்காக மன்றாடினர். பெரியோர் கலங்கி நின்ற வேளையில் சிறுவருக்கும் ஒரு பணி இருந்தது. அவர்களது குரலுக்கும் ஊரில் ஒரு மதிப்பு இருந்தது.

ஐரோப்பியத் திருச்சபை வரலாறும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சிகளைக் காட்டுகின்றது. 1576இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது மக்கள் வீடுகளுக்குள் இருக்குமாறு பணிக்கப்பட்டனர். பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திகளில் பீடங்கள் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றச் செய்தார். மக்கள் சாளரங்களில் நின்றவாறே அதில் பங்குகொண்டனர். கதவு அடைபட்டிருந்தாலும் உறவு அடைபடவில்லை. 1591இல் உரோமையில் கொள்ளைநோயாளருக்குப் பணிபுரிந்த புனித ஞானப்பிரகாசியார் தம் 23ஆம் வயதில் உயிர்நீத்தார். இளையோரின் பாதுகாவலராகத் திருச்சபை அவரைப் போற்றுகின்றது.

நோய்த்தொற்று பற்றிய இன்றைய அறிவு அக்காலத்தில் இல்லை. நோயுள்ள வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவது இன்று பெருந்தவறாகும். ஆனால் நோய்க்காலத்திலும் இளையோரைச் சமூகத்தின் உயிருள்ள உறுப்பினராகக் கருதிய அவர்களது மனப்பாங்கு நாம் கற்றுக்கொள்ளத்தக்கது.

நம் காலத்தில் நிகழ்ந்தது என்ன? 2020 மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. 2021 சனவரி 19இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8இல் ஒன்பது, பதினோராம் வகுப்புகளும் திறக்கப்பட்டன. ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ள வகுப்புகளுக்கு மார்ச்சிலேயே மீண்டும் பூட்டு விழுந்தது. செப்டம்பர் 1இல் மேல்வகுப்புகள் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகள் நவம்பர் 1 அன்றுதான் பள்ளி வாயிலை மிதித்தனர். ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் அவர்கள் தோழரையும் ஆசிரியரையும் விட்டுப் பிரிந்திருந்தனர்.

அவ்வாறு மூடியது உயிர்காக்கும் பொருட்டே. அதில் குறை காண்பதற்கில்லை. கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசி வகுப்புகளும் பாடம் தடைபடாதிருக்க முயன்றன. பின்னர் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டமும் வந்தது. எனினும் பாடம் தேடி வந்த அளவுக்கு, பிள்ளையின் உள்ளத்தைத் தேடி யாரும் வரவில்லை. அன்றாடக் கூலியும் பீடி சுற்றலும் சோறுபோடும் நம் வட்டார வீடுகளில், வேலையிழந்த தந்தையின் சினத்தையும் கடன்பட்ட தாயின் கண்ணீரையும் பிள்ளைகள் நாளெல்லாம் பார்த்திருந்தனர். 2021 ஏப்ரல் வரையிலான காலத்தில் மட்டும் இந்தியாவில் 1,19,000 பிள்ளைகள் பெற்றோரையோ தம்மை வளர்த்த பாட்டன் பாட்டியரையோ தொற்றினால் இழந்தனர் என ‘லான்செட்’ மருத்துவ இதழ் மதிப்பிட்டது. தமிழக அரசு பெற்றோர் இருவரையும் இழந்தோருக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி அறிவித்தது. அது போற்றத்தக்க உதவியே. ஆனால் தந்தையின் முகத்தை இறுதியாகக்கூடக் காண இயலாது போன மகனுக்கு அழுவதற்கு ஒரு தோளும் வேண்டியிருந்தது.

பிள்ளைகள் தாமாக வந்து சொல்வார்கள் என்று நாம் காத்திருக்க இயலாது. மனத்துயருக்குப் பிறர் உதவியை நாடுவது நன்று எனக் கருதும் இளையோர் இந்தியாவில் 41 விழுக்காட்டினரே என்று 2021இல் யுனிசெப் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆய்வு நடந்த 21 நாடுகளின் சராசரியோ 83 விழுக்காடு. மௌனமே நம் வீடுகளின் பழக்கமாகியிருக்கிறது.

அம்மௌனத்தின் விலையை நாங்குநேரி அறியும். 2023 ஆகஸ்டு 9 இரவில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். தாக்கியோரும் பள்ளி மாணவரே. சாதிவெறி தொற்றினால் வந்ததன்று. அது தொற்றைவிடப் பழமையான நோய். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தோர் தம் ஒன்பதாம் வகுப்பில் ஆறு வாரங்களே பள்ளியைக் கண்டவர்கள். அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டு அடுத்த வகுப்புக்குச் சென்றவர்கள். வேறு சாதிப் பிள்ளையோடு ஒரே பலகையில் அமர்ந்து, விளையாடிப் பழக வேண்டிய வயதை வீட்டுக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் கழித்தவர்கள். அவர்கள் திரும்பி வந்தபோது தேர்ச்சியைப் பற்றிக் கேட்டவர் பலர்; அச்சத்தையும் வெறுப்பையும் பற்றிக் கேட்டவர் சிலரே.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 சூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடைசெய்யவும், 500 மாணவருக்கு மேற்பட்ட மேல்நிலைப் பள்ளிகளில் நல அலுவலரை அமர்த்தவும் அது பரிந்துரைத்தது. மனநல உதவிக்கென 14416 என்னும் கட்டணமற்ற தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்கிவருகின்றது. இவற்றை நம் இல்லங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மனநோயை இறைப்பற்றின் குறைவு என்றும் சாபம் என்றும் சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. திருச்சபையோ வேறு பாதையில் நடந்துவந்திருக்கிறது. தற்கொலை செய்தோருக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. கடும் மனக்குழப்பம் மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கின்றது. தாய்த் திருச்சபையின் இரக்கத்தை அதன் பிள்ளைகளாகிய நாமும் பெற வேண்டாமா?

நம் அன்பியங்கள் வீடுவீடாகச் செல்கின்றன. அங்கே செபமாலை முடிந்ததும் இளையோரிடம் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். இனி உறக்கத்தையும் உணவையும் நண்பர்களையும் பற்றிக் கேட்போம். திடீரென ஒதுங்கும் பிள்ளையை, பள்ளிக்குச் செல்ல மறுக்கும் பிள்ளையை ஏசாமல் அருகில் அமர்ந்து கேட்போம். செபத்தோடு மருத்துவரையும் நாடுவோம். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சியைப் பங்குகள் அளிக்கட்டும். இன்னொரு தொற்று வருமாயின், ஒவ்வொரு இளைஞரோடும் நாள்தோறும் பேசும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு அன்பியத்திலும் முன்னரே குறிக்கப்பட்டிருக்கட்டும். முதியோருக்கு மருந்து வாங்கித் தருதல், சிறு பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் கதை சொல்லுதல் எனப் பாதுகாப்பான பணிகளை இளையோருக்கும் அளிப்போம்.

உயிர்த்த ஆண்டவர் அச்சத்தால் கதவுகளை மூடியிருந்த சீடரிடம் வந்தபோது கடிந்துகொள்ளவில்லை. அமைதியை வாழ்த்தி, தம் காயங்களைக் காட்டினார். அதன் பின்னரே அவர்களைப் பணிக்கு அனுப்பினார். பூட்டிய கதவுகளுக்குள் இருக்கும் நம் பிள்ளைகளிடமும் நாம் இவ்வாறே செல்வோம்.