கதைமாந்தனைக் கைதுசெய்ய ஓர் ஆணை

கற்பனையில் பிறந்த ஒருவனைச் சிறைபிடிக்க ஓர் அரசு முனைந்ததுண்டா? உண்டு. அதிபர் மோய் ஆட்சியில், 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கென்யாவில் அது நிகழ்ந்தது. மத்திகாரி என்னும் ஒருவன் ஊர்தோறும் சென்று உண்மையும் நீதியும் எங்கே என்று வினவித் திரிவதாக ஒற்றர்வழி அரசுக்குச் செய்தி எட்டியது. அவனைப் பிடிக்குமாறு ஆணை பிறந்தது. தேடிய பின்னரே, அவன் கூகி வா தியாங்கோ கிக்குயூ மொழியில் எழுதி 1986இல் வெளிவந்த புதினத்தின் தலைவன் என்பது விளங்கிற்று. ஆளைப் பிடிக்க இயலாத காவலர் நூலைப் பிடித்தனர். கடைகளிலிருந்த படிகள் பறிமுதலாயின. நூலாசிரியரே கூறும் வரலாறு இது.

கதை எளியது. வெள்ளைக் குடியேறியைக் காட்டில் போரிட்டு வென்ற வீரன் படைக்கலங்களைப் புதைத்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்புகிறான். வீடோ வெள்ளையனுக்கு ஏவல் செய்தவனின் மகனிடம் இருக்கிறது. கட்டியவன் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். 1963இல் விடுதலை பெற்ற நாட்டில் குடிமகன் யார் என்னும் வினா முழுவதும் அவ்வொரு வீட்டினுள் அடங்கிவிடுகிறது.

அரசு அஞ்சியது கருத்தையா, மொழியையா? மொழியையே என்பது என் துணிபு. கூகி, ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடி ஆங்கிலத்தில் எழுதிய புதினம் 1977 ஜூலையில் வெளிவந்தது. அதனை வெளியிட்டு வைத்தவர் அந்நாள் நிதியமைச்சர் கிபாக்கி! அதே ஆண்டு அக்டோபரில், காமிரீத்து என்னும் சிற்றூரில், உழவரும் தொழிலாளரும் நடித்த கிக்குயூ நாடகம் அரங்கேறியது. கூகி வா மீரீயுடன் இணைந்து அவர் எழுதியது அது. நவம்பரில் அதன் உரிமம் பறிக்கப்பட்டது. ஆண்டின் இறுதி நாளில் கூகி காமிட்டிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். விசாரணை இல்லை. அப்பொழுது அதிபராயிருந்தவர், ஆங்கிலேயரால் பல்லாண்டு அடைத்துவைக்கப்பட்ட கென்யாட்டா என்பதையும் ஈண்டுக் கருதல் வேண்டும். மொழி கற்பிக்கும் நமக்கு இந்நிகழ்ச்சி நெடுநேரம் எண்ணத்தக்கது.

சிறையில், கழிவறைத் தாளில், கூகி தம் முதல் கிக்குயூ புதினத்தை எழுதினார். கைதிகளை வருத்தவென்றே தந்த முரட்டுத்தாள் எழுதுகோலுக்கு ஏற்றதாயிற்று என்று பின்னாளில் நகையாடினார். கென்யாட்டா மறைந்தபின், 1978 டிசம்பர் 12இல் விடுதலையானார். 1980இல் வெளிவந்த அந்நூலைப் படிப்பறிந்தோர் உரக்கப் படிக்க, அறியாதோர் சூழ்ந்திருந்து கேட்டனர். வீடுகளில் மட்டுமன்றிப் பேருந்துகளிலும் மதுக்கடைகளிலும் அது படிக்கப்பட்டது. இவ்வாறு செவிவழிப் பரவிய கதைகளின் வரிசையில் வந்தவனே மத்திகாரி. ஒற்றர்கள் அவனை உயிருள்ள மனிதனென நம்பியதில் வியப்பில்லை.