நடைபாதையில் ஒரு பெயர்: ஜேர்மனியச் சிற்பி குந்தர் டெம்னிக்கின் இடறுகற்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மனியின் கொலோன் நகரில் வசிக்கும் என் தங்கையின் மகனுடன் ஒரு மாலைப்பொழுதில் நடந்துகொண்டிருந்தேன். பழைய மாடிவீடு ஒன்றின் வாசலில் அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "மாமா, கீழ பாருங்கோ. ஒருத்தற்ற பேருக்கு மேல நிக்கிறியள்" என்றான். காலை விலக்கிக் குனிந்து பார்த்தேன். நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கையளவு பித்தளைத் தகடொன்று மின்னியது. 'இங்கு வாழ்ந்தார்' என்ற தொடக்கம். அதன் கீழே ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம். வேறெதுவுமில்லை.

அந்தக் கல்லின் பின்னாலிருந்த மனிதர் குந்தர் டெம்னிக். 1947இல் பேர்லினில் பிறந்து, பேர்லினிலும் பின்னர் காசெல் நகரிலும் கலை பயின்றவர். நிலத்தில் தடம் பதிப்பதே ஆரம்பம் முதல் அவருடைய கலையாக இருந்துவந்தது எனலாம். 1980இல் காசெலிலிருந்து பாரிஸ் வரையும், 1981இல் லண்டன் வரையும் நடந்தே தடங்களை வரைந்தார். 1982இல் வெனிஸ் வரை நூலொன்றை இழுத்துச் சென்றார். 1985இல் கொலோனில் தமது கலைக்கூடத்தை அமைத்துக்கொண்டார்.

1940 மே மாதத்தில் கொலோனிலிருந்து ரோமா, சின்ரி மக்கள் ஆயிரம் பேரை நாஸிகள் நாடுகடத்தினர். அதன் ஐம்பதாவது ஆண்டான 1990இல், அம்மக்கள் கொண்டுசெல்லப்பட்ட வழி நெடுகிலும் டெம்னிக் வர்ணத்தால் எழுத்துத் தடமொன்றைப் பதித்தார். பின்னர் அத்தடத்தின் சில பகுதிகளைப் பித்தளையில் நிலைப்படுத்தும் பணி நடந்தது. அப்போது முதிய பெண்ணொருவர் அவரிடம் வந்து, இப்பகுதியில் அத்தகைய மக்கள் ஒருபோதும் வாழ்ந்ததில்லை என்று சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை. தம் அயலவர்கள் யாரென்பது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. அயலவர்களாகவே வாழ்ந்தவர்கள் அயலவர் நினைவிலிருந்தும் அகற்றப்பட்டிருந்தனர். நினைவுச்சின்னம் இருக்கவேண்டிய இடம் வீட்டு வாசல்தான் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது இவ்வாறே.

1992 டிசெம்பர் 16ஆந் திகதி கொலோன் மாநகர மண்டபத்தின் முன்னால் முதற் கல்லைப் பதித்தார். ரோமா, சின்ரி மக்களை ஒஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்புமாறு ஹிம்லர் பிறப்பித்த கட்டளைக்கு அன்று சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன. அக்கட்டளையின் தொடக்க வரிகளே அந்தக் கல்லில் இருந்தன. 1994இல் கொலோன் அந்தோனிற்றர் தேவாலயத்தில் 250 கற்களைக் காட்சிக்கு வைத்தார். 1995இல் கொலோனிலும், 1996இல் பேர்லினின் குறொய்ஸ்பேர்க் பகுதியிலும் அதிகாரிகளின் அனுமதி பெறாமலே கற்களைப் பதித்தார். அனுமதி பின்னரே கிடைத்தது. 2019 டிசெம்பரில் மெம்மிங்கன் நகரில் 75,000ஆவது கல்லும், 2023 மே மாதத்தில் நியூரம்பேர்க் நகரில் 100,000ஆவது கல்லும் பதிக்கப்பட்டன. இன்று முப்பதுக்கு மேற்பட்ட ஐரோப்பிய நாடுகளில் இக்கற்கள் உள்ளன. யூதர்கள் மாத்திரமன்றி, ரோமா, சின்ரி மக்கள், அரசியல் எதிராளிகள், தன்பாலின விருப்பினர், யெகோவாவின் சாட்சிகள், கருணைக்கொலை என்ற பெயரில் கொல்லப்பட்ட வலுவிழந்தோர் ஆகியோருக்கும் கற்கள் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

ஒவ்வொரு கல்லும் ஏறக்குறைய பத்துச் சென்ரிமீற்றர் சதுரமான கொங்கிறீற் கட்டி. அதன் தலையில் பித்தளைத் தகடு. 2005 முதல் மிக்கேல் பிரீட்றிக்ஸ்-பிரீட்லெண்டர் என்ற சிற்பி, எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பொறித்து வந்துள்ளார். இயந்திரத்திடம் இவ்வேலையை ஒப்படைக்காததற்குக் காரணமுண்டு. கொலையை ஆலைத்தொழில் போல நடத்தியவர்களின் நினைவுக்கு எதிராக எழும் சின்னத்தையும் ஆலை வேகத்தில் செய்வது பொருந்தாது என்பதே அது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. 2012 நவம்பரில் கிறைவ்ஸ்வால்ட் நகரின் பதினொரு கற்களும் ஒரே இரவில் பெயர்த்தெடுக்கப்பட்டன. இதைவிட நம்மைச் சிந்திக்கவைப்பது மியூனிக் நகரின் மறுப்பாகும். பொது நிலத்தில் இக்கற்களைப் பதிப்பதை அம்மாநகரசபை 2004இல் மறுத்தது. 2015இல் அம்முடிவை மீண்டும் உறுதிசெய்தது. மறுப்பின் முன்னணியில் நின்றவர், நாஸிகளிடமிருந்து சிறுவயதில் தப்பிப் பிழைத்தவரும் மியூனிக் யூத சமூகத்தின் தலைவியுமான ஷார்லொற்ற க்னொப்லொஹ். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் மீண்டும் காலில் மிதிபடலாகாது என்பது அவரது வாதம். பெயரை வாசிக்க விரும்புபவர் அதன்முன் தலைகுனிய வேண்டியிருக்கிறதே என்பது டெம்னிக் தரப்பின் விளக்கம். மியூனிக்கில் 2018 முதல் சுவர்த் தகடுகளும் தூண்களும் அமைக்கப்பட்டன. இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இறந்தவர்களின் மரியாதை பற்றி இவ்வளவு அக்கறையோடு ஒரு நாடு வாதிட்டதே பெரிது என்றுதான் எனக்குப் பட்டது.

கொல்லப்பட்ட யூதர்கள் மட்டுமே அறுபது இலட்சம் பேர். ஒரு மனிதரின் ஆயுளில் அத்தனைக்கும் கல் பதிக்க இயலாது. ஒரு வீட்டுக்கு, ஒருவருக்கு, ஒரு கல் என்பதே அவரது கணக்கு.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்ததும் அந்த முதற் கல் பதிக்கப்பட்ட காலத்தில்தான். எங்கள் நாட்டுப் போரின் செய்திகளை எழுதிய ஆண்டுகளில், 'பன்னிருவர் பலி', 'நால்வரைக் காணவில்லை' என எண்ணற்ற தலைப்புக்களை இட்டிருக்கிறேன். இடமில்லை, நேரமில்லை, பெயர்கள் வந்துசேரவில்லை என்ற காரணங்கள் அப்போது போதுமானவையாக இருந்தன. அவற்றுட் சில உண்மையுங்கூட.

அன்று மாலை மருமகன் இன்னொன்றும் சொன்னான். தன் மகளின் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் நவம்பர் 9ஆந் திகதி துணியும் மெருகுப்பசையும் கொண்டுவந்து அந்தக் கல்லைத் துடைப்பார்களாம். அந்தப் பெயரை அவள் மனப்பாடமாகச் சொல்வாளாம். ஊர் திரும்பியதும் என் பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். எண்களுக்கு எதிரே பெயர்களை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கேட்டறிய வேண்டியவர்கள் பலர் இன்று உயிருடன் இல்லை. இதுவரை முப்பத்தொரு பெயர்கள் கிடைத்துள்ளன.