தீவாந்திரமும் விநியோகமும்: அந்தமான் கப்பல்வழி (1858–1945)

முன்னுரை

கடல்கடந்த சிறைவாசத்தைத் தமிழில் 'தீவாந்திர தண்டனை' என்று வழங்கினர். அந்தமானைப் பொறுத்தவரை இத்தண்டனையோடு சேர்த்து நினைக்கப்படும் கப்பல் 'மகாராஜா'. விடுதலைப் போராட்ட வரலாறுகள் இதனைப் பெரும்பாலும் கைதிக் கப்பலாகவே காட்டுகின்றன. ஆயின் தீவுக்கு உணவும் மருந்தும் அஞ்சலும் சென்றதும் இக்கப்பல்வழியில்தான். இவ்விநியோகப் பணியை முன்னிறுத்தி நோக்கினால், அந்தமான் குடியேற்றத்தின் வலிமையும் நலிவும் ஒரே கடல்வழியைச் சார்ந்திருந்தமை விளங்கும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

குடியேற்றத்தின் தொடக்கம்

1789இல் தொடங்கப்பட்ட முதற் குடியேற்றம் நோயின் காரணமாக 1796இல் கைவிடப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பின், 1858 மார்ச் 10 அன்று, ஜே. பி. வாக்கர் 'செமிராமிஸ்' கப்பலில் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கினார். முதலில் இறங்கிய சாத்தம் தீவில் நன்னீர் போதாமையால் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியது. காடு திருத்திப் பயிர்செய்யும் முயற்சிகள் தொடர்ந்தபோதும் குடியேற்றம் தன் தேவையனைத்தையும் தானே விளைவித்துக்கொள்ளும் நிலையை எய்தவில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கி.மீ. தொலைவிலுள்ள போர்ட் பிளேருக்குக் கப்பலே உயிர்நாடியாயிற்று.

கப்பலின் இருவழிச் சுமை

ஏசியாட்டிக் நீராவிக் கப்பல் நிறுவனம் அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்தமான் போக்குவரத்தை நடத்தியது. கல்கத்தா, இரங்கூன், சென்னை ஆகிய துறைமுகங்களுடன் தீவு இணைக்கப்பட்டது. 1911இல் சாவர்க்கர் சென்னையிலிருந்து 'மகாராஜா'விலேயே அனுப்பப்பட்டார். கீழ்த்தளத்தில் விலங்கிட்ட மனிதர். அதே பயணத்தில் அவர்களைக் காக்கும் அலுவலருக்கும் வேண்டிய பொருள்கள். திரும்பும் வழியில் படாக் முதலிய மரங்கள் ஏற்றுமதியாயின. சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கப்பட்டது இவ்வணிகத்தை வளர்த்தது. செல்லுலர் சிறையின் அரசியல் கைதிகளுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதமே அனுமதிக்கப்பட்டது. ஆகவே அஞ்சல் கொணரும் கப்பலின் வருகை சிறையினுள்ளும் காலத்தை அளக்கும் கருவியாயிற்று எனலாம்.

வழி அடைபட்டபோது

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. இந்தியத் துறைமுகங்களுடனான தொடர்பு அன்றோடு அறுந்தது. போரின் இறுதிக்கட்டத்தில் நேசநாட்டுத் தாக்குதல்களால் ஜப்பானியரின் சரக்குக் கப்பல்களும் வரவியலாமற் போயின. மக்கள் காடு வெட்டிப் பயிரிடுமாறு கட்டாயப்படுத்தப்பட்டும் பஞ்சம் நீங்கவில்லை. 1945 ஆகஸ்டில், உண்ணும் வாய்களைக் குறைக்கும் நோக்குடன், நூற்றுக்கணக்கானோர் ஹேவ்லாக் தீவருகே கொண்டுசென்று கடலில் இறக்கிவிடப்பட்டனர். கரை சேராமல் மூழ்கியோரும், கரை சேர்ந்து பட்டினியால் மாண்டோரும் பலர். கொடுமைக்கு ஆட்சியாளரே பொறுப்பு. எனினும் அக்கொடுமை இவ்வடிவம் கொண்டதற்கு, பல்லாண்டுகளாகக் கப்பலையே நம்பி அமைந்த உணவு ஏற்பாடும் ஒரு காரணம். அவ்வாண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் இந்தியப் படை வந்திறங்கிய பின்னரே கடல்வழி மீண்டும் திறந்தது. தண்டனைக் குடியேற்றமும் முடிவுற்றது.

முடிவுரை

சிறைச்சுவர் கைதியைத் தீவில் நிறுத்தியது. கப்பல் அவனுக்கு உணவளித்தது. அக்கப்பல் வாராதபோது காவலரும் கைதியும் குடியேறியோரும் ஒரே பசிக்கு ஆளாயினர். எனவே அந்தமான் வரலாற்றை எழுதுவோர் கைதிகளின் பெயர்ப்பட்டியலோடு சரக்குப் பட்டியலையும் இணைத்துப் படித்தல் வேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பிற்காலத்தில் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்தம் வாழ்வும் அரசுக் கப்பலின் வருகையைச் சார்ந்தே அமைந்ததால், இவ்வாய்வு தமிழர் புலம்பெயர்வு வரலாற்றுக்கும் உரியதாகிறது.