பெயர் ஏறிய கப்பல்

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 89 அடிப் பாய்க்கப்பல் 'அன்னபூரணி'. அமெரிக்கக் கடலோடி வில்லியம் ராபின்சன் அதை விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார்: 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'. தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவ்வூர் மாலுமிகளும் அதை ஓட்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அம்மன் பெயர் போய் மனைவி பெயர் வந்தது. மாலுமிகள் எல்லாரும் ஆண்கள்.

யார் இந்தப் புளோரன்ஸ்? 1934இல் கணவரோடு 32 அடிப் படகான 'ஸ்வாப்'பில் கலாபகஸ் தீவுகளுக்குப் போனவர். (வடமொழியில் ஸ்வாப் என்றால் உறக்கம், கனவு.) அங்கே ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்தது. மருத்துவர் இல்லாத கரை. உடனிருந்தவர்கள் புளோரன்ஸும் கணவரின் உறவினர் ஒருவரும்தான். தற்செயலாக வந்த ஒரு மீன்பிடிக் கப்பல் வானொலியில் சேதி அனுப்ப, பனாமாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் விமானத்தில் வந்தார்கள். அது ராபின்சனின் சாகசமாகவே இன்றும் சொல்லப்படுகிறது.

எங்கள் கணியம்பாடிப் பக்கம் ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளில் பெண்கள் தைக்கும் காலணிகளில் யாரோ ஒருவரின் பெயர் இருக்கும். புளோரன்ஸுக்கு நடந்தது நேர்மாறு. பெயர் கப்பலில் ஏறியது, அவர் செய்த வேலை கதையில் ஏறவில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அந்தம்மாவும் படகு ஓட்டினாங்களா, மேடம்?"