மாலைக்கண்: ஒரு சொல், பல நோய்கள்

பாரிசில் டிசம்பர் மாதத்துச் சூரியன் மாலை ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. காலையில் எட்டரைக்குப் பிறகுதான் எழும்புகிறது. யாழ்ப்பாணத்தில் அதே நாட்களில் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கும். இங்கே எட்டேகால் மணி நேரம்தான். நான் வசிக்கும் கூசேன்வில்லில் இருந்து லாச்சப்பலுக்கு வேலைக்குப் போகிற எம்மவர்கள் மாரிகாலம் முழுக்க இருட்டில் ரயில் ஏறி, இருட்டிலேயே வீடு திரும்புகிறார்கள். ஊரில் இருக்கும்வரை தெரியாத ஒரு பார்வைக் குறை இங்கே வந்தபின் வெளிப்படுவதில் வியப்பில்லை. அப்போது எல்லோர் வாயிலும் வருகிற சொல் 'மாலைக்கண்'. அதோடு சேர்ந்து வருகிற மருந்து முருங்கையிலையும் கரட்டும். சொல்லில் பிழையில்லை. மருந்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இரண்டு வகை. கூம்புகள் சுமார் 60 இலட்சம். பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை. கோல்கள் சுமார் 12 கோடி. நிறம் அறியாதவை, மங்கிய ஒளிக்கானவை. கோல்களில் உள்ள ரொடொப்சின் என்ற பொருள் ஒளி பட்டதும் வெளிறுகிறது, இருட்டில் மெல்லமெல்ல மீள்கிறது. முழுதாக மீள அரை மணி நேரமாவது வேண்டும். கமெராவில் பொத்தானை அழுத்தி உணர்திறனை ஏற்றுகிற மாதிரி இதைச் செய்ய முடியாது. இது இரசாயனம், அவசரப்படுத்த இயலாது. இந்த மீட்சிக்கு விற்றமின் ஏ தேவை. விழித்திரையில் அது இருப்பதை ஜோர்ஜ் வோல்ட் 1933இல் கண்டறிந்தார். விழித்திரை ஆய்வுகளுக்காக 1967இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

முருங்கையிலை வைத்தியம் மூடநம்பிக்கை அல்ல. விற்றமின் ஏ குறைந்த குழந்தைக்கு முதலில் தெரியும் அறிகுறியே மாலைக்கண்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் திருச்சி மாவட்டத்தில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறை சிறிதளவு விற்றமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கான மருந்து உயிரைக் காத்திருக்கிறது. அந்த மண்ணில் மாலைக்கண் என்பது சாவின் முன்னறிவிப்பாகவும் இருந்தது.

ஆனால் பாலும் முட்டையும் மீனும் தாராளமாகக் கிடைக்கிற பிரான்சில் வளர்ந்தவர் ஒருவருக்கு விற்றமின் ஏ குறைவது அரிது. ஈரல் நோய், குடல் உறிஞ்சாமை, உடல் எடைக்காகச் செய்த வயிற்றுச் சத்திரசிகிச்சை போன்றவை இருந்தால்தான் அதை முதலில் சந்தேகிக்க வேண்டும். சும்மா மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து. விற்றமின் ஏ மிகுந்தால் ஈரலைத் தாக்கும். கர்ப்பிணிகளில் கருவைப் பாதிக்கும்.

அப்படியானால் இங்கே என்ன காரணம்? பெரும்பாலும் சாதாரணமானவைதான். கிட்டப்பார்வைக்குச் சரியான கண்ணாடி இல்லாமை. கண்புரை, எதிரே வருகிற காரின் விளக்கு பூப்பூவாய்ச் சிதறினால் அதைச் சந்தேகிக்கலாம். வயது, அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. பிறகு நீரிழிவு. எம்மவரிடையே இது எவ்வளவு பரவலானது என்று சொல்லத் தேவையில்லை. அது விழித்திரையைக் கெடுக்கிறது. அதைத் தடுக்கச் செய்யும் லேசர் சிகிச்சையும் இரவுப் பார்வையைச் சற்றுக் குறைக்கக்கூடும். அதற்காக லேசரைத் தவிர்க்கக் கூடாது. தவிர்த்தால் பகல் பார்வையும் போய்விடும்.

பரம்பரை நோய்கள் வேறு கதை. பிரான்சின் தெற்கே, மோன்பெலியேக்கு அருகில் வெந்தேமியான் என்ற கிராமம். 1637இல் பிறந்த ஜான் நூகாரே என்ற இறைச்சிக்கடைக்காரரின் வழித்தோன்றல்களில் தலைமுறை தலைமுறையாகப் பலருக்கு இரவில் பார்வை இல்லை. குனியே என்ற மருத்துவர் 1838இல் அந்த வம்சாவளியை எழுதி வெளியிட்டார். காரணமான மரபணு மாற்றம் 1996இல் கண்டறியப்பட்டது. அவர்கள் குறை பிறவியிலேயே வந்தது, கூடுவதில்லை. 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' அப்படியல்ல. இரவுப் பார்வையில் தொடங்கி, பக்கப் பார்வையைத் தின்று, குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் ஆக்கிவிடும். பல குடும்பங்களில் இது தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்தால்தான் வெளிப்படும். மச்சான், மச்சாள் கலியாணங்களில் அந்த வாய்ப்பு அதிகம்.

இதை மறைக்கிற பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. 'சின்னத்தம்பி' (1991) படத்தில் மாலைக்கண்ணுடன் கவுண்டமணி தடுமாறுவதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நல்ல நகைச்சுவைதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பயந்து, கலியாணம் குழம்பும் என்று பயந்து, பிள்ளையின் குறையைச் சொல்லாமல் வைத்திருக்கிற வீடுகள் உண்டு. ஆர்.பி.ஈ.65 என்ற ஒரு மரபணுவின் பழுதுக்கு 2018 முதல் ஐரோப்பாவில் மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி இருக்கிறது. விழித்திரைக் கலங்கள் போதுமான அளவு உயிரோடு இருந்தால்தான் அது பயன்படும்.

அன்றாடத்துக்குச் சில வழிகள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் சில நிமிடம் நின்று நடவுங்கள். மங்கிய பொருளை நேரே பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள். நடுப்புள்ளியில் கோல்கள் இல்லை. படி விளிம்புகளில் வெள்ளை நாடா ஒட்டுங்கள். இரவு ஓட்டத்துக்கென்று விற்கிற மஞ்சள் கண்ணாடியை வாங்காதீர்கள். அது வருகிற கொஞ்ச ஒளியையும் குறைக்கும். இரவில் ஓட்ட முடியாதவருக்கு, பகலில் மட்டும் ஓட்டலாம் என்ற 61ஆம் குறியீட்டுடன் ஓட்டுநர் அனுமதி கொடுக்க ஐரோப்பிய விதிகளில் இடமுண்டு.

பாரிசில் பஸ்தீல் அருகே உள்ள கென்ஸ்வென் மருத்துவமனை கண்ணுக்கென்றே உள்ளது. பார்வையற்ற முந்நூறு பேருக்காக ஒன்பதாம் லூயி மன்னர் 1260 வாக்கில் நிறுவியது. பெயரின் பொருளே 'பதினைந்து இருபதுகள்'. அங்கே போனாலும், குடும்ப வைத்தியரிடம் போனாலும், எப்போது தொடங்கியது, கூடுகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்ற மூன்றையும் சொல்லுங்கள். அறிக்கையில் 'எமெராலொப்பி' என்று எழுதியிருக்கும். பிரெஞ்சில் அது மாலைக்கண். ஆங்கில மருத்துவ நூல்களில் அதே சொல்லுக்குப் பகல்குருடு என்று பொருள். இலண்டனில் இருக்கிற உறவினருக்கு அறிக்கையை வாசித்துக் காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.