ஒரே ஆண்டு, இரண்டு ரயில் பாதைகள்

ஹுன்னஸ்கிரிய பக்கம் இன்றைக்குத் தேயிலைதான் தெரியும். அதற்கு முந்தி இந்த மலைகள்ல கோப்பி. 1867இல் கொழும்பு–கண்டி ரயில் ஓடத் தொடங்கினதே முக்கியமாக் கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். அதே 1867இல் தென்னமெரிக்காவிலும், பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தை உள்நாட்டுக் கோப்பித் தோட்டங்களோடு இணைக்கும் ரயில் ஓடியது.

அங்கே கோப்பி பறித்தவர்களில் பெரும்பாலானோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். 1888 வரை அடிமைமுறை அங்கே சட்டப்படி இருந்தது. இங்கே எங்கட முன்னோர் அடிமைகள் இல்லை. ஆனால் கங்காணியிடம் பட்ட கடனோடுதான் வந்தாங்க. மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தாங்க. பசியாலும் கொலராவாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோப்பிக்கு ரயில் வந்த பிறகும் பல வருஷம் ஆட்களுக்கு அந்த நடைதான்.

1869இல் இலைத்துரு நோய் இங்கே கோப்பியைத் தாக்கியது. உலகச் சந்தை பிரேசில் பக்கம் சாய்ந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. லயமும் கடனும் மாறல்ல. உழைச்ச மக்களில் பெரும்பாலானோரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது.

அடுத்த முறை கொழும்புக்கு ரயில் ஏறும்போது, இந்தப் பாதை யாருக்காகப் போடப்படல்ல என்பதையும் யோசிச்சுப் பார்ப்போம்.